டூட்டி கிளார்க் கொடுத்த வெற்றுச் சீட்டு

மார்ச் 4

தங்கச்சிக்கு,

போன் செய்தால் மீட்டிங்கில் இருப்பதாக மெசேஜ் வருகிறது. அதனால் எழுதுகிறேன். எட்டு மணி வண்டி கண்டக்டரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். உன் ஊர் பஸ் நிலையத்து விசாரணைக் கவுன்டரில் வைத்துவிட்டுப் போவார். ஆபீஸ் விட்டு வரும்போது வாங்கிக்கொள். பஸ் டிப்போவில் வேலை பார்ப்பவன் தபால்தலை ஒட்டிவிட்டு மூன்று நாள் காத்திருப்பானேன்?

போன வாரம் உங்கள் கம்பெனியிலிருந்து நான்கு பேர் எங்கள் டிப்போவுக்கு வந்தீர்கள். டிரைவர்களுக்கு டூட்டி பிரித்துப் போட ஒரு சாஃப்ட்வேர் செய்யப்போகிறீர்கள், அதற்கு என்னென்ன தேவை என்று எங்கள் வாயாலேயே கேட்டு எழுதிக்கொள்வீர்கள் என்று மேனேஜர் முன்கூட்டியே சொல்லியிருந்தார். வரும் நான்கு பேரில் ஒருத்தி என் கூடப் பிறந்தவள் என்று அவருக்குத் தெரியாது. நேரில் பார்த்துத் தெரிந்துகொள்ளட்டும் என்று நானும் சொல்லவில்லை. உன் அண்ணி என் நல்ல சட்டையை எடுத்து இஸ்திரி போட்டுத் தந்தாள். மத்தியானம் நான்கு பேரையும் வீட்டுக்கு அழைத்துவரச் சொல்லிச் சமைத்தும் வைத்தாள்.

நீ உள்ளே வந்தாய். என் முகத்தை நேராகப் பார்த்தாய். "டூட்டி கிளார்க் சார் நீங்கதானே? உங்க பேரைச் சொல்லுங்க சார், எழுதிக்கிறேன்" என்றாய்.

சொன்னேன். எழுத்துக்கூட்டிச் சொல்ல வேண்டுமா என்று கேட்க வாய்வரை வந்தது, அடக்கிக்கொண்டேன்.

பிறகு பன்னிரண்டு பேரை மேசையைச் சுற்றி உட்காரவைத்து, ஆளுக்கொரு மஞ்சள் சீட்டு கொடுத்தாய். இப்போது டூட்டி எப்படிப் போடப்படுகிறது, அதில் என்ன சிக்கல், ஒரு வரி எழுதிச் சுவரில் ஒட்டுங்கள் என்றாய். மேனேஜர் மேசையின் தலைப்பக்கம் உட்கார்ந்திருக்கிறார். டிரைவர்கள் என்ன எழுதுவார்கள்? கழிவறைக்குத் தாழ்ப்பாள் இல்லை, ஓய்வறையில் மின்விசிறி சுற்றவில்லை என்று எழுதினார்கள். டூட்டி எல்லாம் விதிப்புத்தகப்படிதான் நடக்கிறது என்று மேனேஜர் எழுதினார். நான் வெற்றுச் சீட்டைக் கொடுத்தேன். நீ அதைத் திருப்பிப் பார்த்துவிட்டு, நோட்டில் ஏதோ குறித்துக்கொண்டு அடுத்த ஆளிடம் போனாய்.

சாருக்குச் சொல்ல ஒன்றும் இல்லை. அண்ணனுக்கு இருந்தது. ஒருநாள் காலை ஐந்து மணிக்கு வந்து என் ஜன்னலுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார். நான் ஒன்றும் சொல்லவேண்டாம், உனக்கே தெரியும்.

சமைத்ததை இரண்டு வேளை நாங்களே சாப்பிட்டுத் தீர்த்தோம்.

டூட்டி கிளார்க் சார்


மார்ச் 9

அண்ணாவுக்கு,

கோபத்திலும் உங்களுக்குக் கிண்டல் போகாது. சரி, என் பக்கத்தையும் கேளுங்கள்.

வாடிக்கையாளரிடம் சொந்தக்காரர் வேலை பார்த்தால் அந்தத் திட்டத்தில் எங்களை விடமாட்டார்கள். இது எங்கள் கம்பெனி விதி. நான் தலைமை தாங்கும் முதல் திட்டம் இது. ஏழு வருஷம் மற்றவர்களுக்குக் குறிப்பெடுத்துக் கொடுத்துவிட்டு இப்போதுதான் இந்த நாற்காலிக்கு வந்திருக்கிறேன். அண்ணன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அன்று சாயங்காலமே வேறொருவர் உட்கார்ந்திருப்பார். முன்னாலேயே உங்களிடம் சொல்லியிருக்க வேண்டும். அது என் தப்புத்தான். அண்ணியிடம் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

ஆனால் என் வேலையைக் கேலி செய்யாதீர்கள். தேவைகளைக் கேட்டறிய ஒரு வழி மட்டும் இல்லை. ஒவ்வொருவரையும் தனியாகப் பேட்டி காணலாம், கேள்வித்தாள் கொடுக்கலாம், கூடவே இருந்து வேலையைக் கவனிக்கலாம், எல்லாரையும் ஒரே அறையில் கூட்டி வைத்துக் கேட்கலாம். எந்த இடத்துக்கு எது பொருந்தும் என்று தேர்ந்தெடுப்பதுதான் என் தொழில். நாங்கள் வேலை செய்வது அஜைல் முறையில். எல்லாவற்றையும் ஒரு வருஷம் கேட்டு எழுதி வைத்துவிட்டுப் பிறகு கட்ட ஆரம்பிப்பதில்லை. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கொஞ்சம் செய்து, காட்டி, திருத்திக்கொண்டே போவோம். அந்த இரண்டு வாரத்தை ஸ்பிரின்ட் என்போம். முதல் ஸ்பிரின்ட் திங்கட்கிழமை ஆரம்பமாக வேண்டியிருந்தது. டிப்போவில் வந்து நாள்கணக்கில் உட்கார நேரமில்லை. அதனால்தான் கூட்டத்தைத் தேர்ந்தெடுத்தேன்.

சொல்ல வேண்டியது இருந்தால் அன்றே சொல்லியிருக்கலாம். இப்போதும் கெட்டுப்போகவில்லை. எழுதி அனுப்புங்கள், அடுத்த ஸ்பிரின்ட்டில் சேர்க்கிறேன்.

தங்கை


மார்ச் 15

தங்கச்சிக்கு,

உன் நாற்காலிக் கதையை அண்ணியிடம் சொன்னேன். "நம்ம வீட்டு வாசப்படி ஏறினா நாற்காலி ஒடிஞ்சிடுமாமா?" என்று கேட்டாள்.

எழுதி அனுப்பு என்கிறாய். எழுதக்கூடாத விஷயம் என்பதால்தான் வந்து பார்க்கச் சொன்னேன். இருந்தாலும் எழுதுகிறேன். படித்துவிட்டு உன்னோடு வைத்துக்கொள்.

என் ஜன்னலுக்கு எதிரே ஒரு மரப்பலகை இருக்கிறது. அன்றைக்குப் பார்த்திருப்பாய். டிரைவர் ஒவ்வொருவருக்கும் எண் போட்ட தகர வில்லை உண்டு. காலையில் வந்ததும் தன் வில்லையைக் கொக்கியில் மாட்டுவார். அதைப் பார்த்துத்தான் யார் வந்தார்கள் என்று நான் டூட்டி எழுதுவேன். இவ்வளவுதான் விதிப்புத்தகத்தில் இருக்கிறது. சில நாள் சிலர் எண் சுவரைப் பார்க்கும்படி திருப்பி மாட்டுவார்கள். இன்றைக்கு உடம்பு தாங்காது, ஆனால் லீவு போட வழியில்லை என்று அர்த்தம். நான் ஒன்றும் கேட்கமாட்டேன், அவரும் ஒன்றும் சொல்லமாட்டார். அன்றைக்கு அவருக்கு ரயில் நிலையத்துக்கும் மார்க்கெட்டுக்கும் நடுவே மூன்று கிலோமீட்டர் ஓடும் சிறிய வண்டியைக் கொடுப்பேன். நெரிசலில் இருபதுக்கு மேல் வேகம் போகாது. விவரம் தெரிந்த கண்டக்டரையும் கூட அனுப்புவேன். எனக்கு முன்னால் இருந்த கிளார்க் காலத்திலிருந்தே இது நடக்கிறது.

ஏன் லீவு போடக்கூடாது என்று கேட்பாய். வருஷத்தில் நான்காவது முறை உடம்புக்கு லீவு போட்டால் மருத்துவப் பரிசோதனைக்கு அனுப்புவார்கள். அதில் தேறாவிட்டால் நேரே வீட்டுக்கு. வேறு வேலை எதுவும் தரமாட்டார்கள். இப்போதைக்கு இந்த மாதிரி ஏழு பேர் இருக்கிறார்கள். ஒருவருக்குச் சர்க்கரை திடீரென்று இறங்கிவிடும், ஒருவருக்கு இடுப்பு, ஒருவருக்கு வெயிலில் கண் கூசும். பேர் எழுதமாட்டேன்.

உன் சாஃப்ட்வேர் வந்ததும் பலகையைக் கழற்றிவிடுவார்களாம். டிரைவர்கள் போனில் பொத்தானை அழுத்தினால் போதுமாம். போனைச் சுவர்ப் பக்கம் திருப்பி மாட்ட முடியுமா என்று நீயே சொல்.

அண்ணன்


மார்ச் 20

அண்ணாவுக்கு,

கடிதத்தைப் படித்தேன், இரண்டு முறை.

எங்கள் முறையில் தேவை ஒவ்வொன்றையும் ஒரே வாக்கியமாக எழுதவேண்டும். யாருக்கு வேண்டும், என்ன வேண்டும், எதற்காக வேண்டும். அந்த வாக்கியத்தை உங்கள் மேனேஜர் படித்து ஒப்புதல் கொடுத்தால்தான் அது செய்யவேண்டிய பட்டியலில் ஏறும். உங்கள் விஷயத்தை நான் இப்படி எழுத வேண்டியிருக்கும்: டூட்டி கிளார்க்குக்கு, உடல் தகுதியில்லாத டிரைவரைப் பரிசோதனையிலிருந்து மறைக்கும் வசதி வேண்டும், அவர் வேலை போகாமலிருக்க. இதை உங்கள் மேனேஜர் முன்னால் வைக்கட்டுமா? நீங்களே சொல்லுங்கள்.

எழுத ஒப்புக்கொண்டால் எழுதுகிறேன். இல்லையென்றால் எனக்கு இது தெரியாது. தெரிந்தும் எழுதாமல் இருப்பது என்ற மூன்றாவது வழி எனக்குக் கிடையாது.

கோபித்துக்கொள்ளாமல் ஒன்று கேட்கிறேன். அந்த மூன்று கிலோமீட்டரில் பயணிகள் யாரும் ஏறுவதில்லையா?

தங்கை


மே 6

அண்ணாவுக்கு,

மார்ச் கடிதத்துக்கு நீங்கள் பதில் போடவில்லை. போனையும் எடுப்பதில்லை. இருக்கட்டும். இது வேறு விஷயம், உங்கள் நன்மைக்காகவே எழுதுகிறேன்.

சாஃப்ட்வேர் ஓட ஆரம்பித்து ஐந்து வாரம் ஆகிறது. அது போட்ட டூட்டியை மாற்ற வேண்டுமென்றால் கிளார்க் ஒரு காரணத்தைத் தேர்ந்தெடுக்கவேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும். லீவு, வராதவர், வண்டிப் பழுது, மேலதிகாரி உத்தரவு என்று நான்கு காரணங்கள். உங்கள் டிப்போவில் மட்டும் ஒரே மாதத்தில் முப்பத்தொரு வண்டிப் பழுது பதிவாகியிருக்கிறது. மற்ற டிப்போக்களில் ஆறு, ஏழைத் தாண்டவில்லை. ஒர்க்‌ஷாப் பதிவேட்டோடு ஒப்பிட்டால் இருபத்துநான்கு பொய்.

யாரோ வேண்டியவர்களுக்கு நல்ல ரூட் போட இதைப் பயன்படுத்துகிறார்கள் என்று தலைமை அலுவலகம் நினைக்கிறது. இந்த ஸ்பிரின்ட்டில் அந்த ஓட்டையை அடைத்துவிட்டோம். இனி ஒர்க்‌ஷாப் ஃபோர்மேன் உறுதி செய்தால்தான் பழுது என்பதை ஏற்கும். அந்த வேலையைச் செய்வது யாராக இருந்தாலும் நிறுத்தச் சொல்லுங்கள். பிடிபட்டால் சஸ்பென்ஷன்தான்.

தங்கை


மே 8

அந்த யாரோ நான்தான். உனக்குத் தெரியாதா? இருபத்துநான்கு பொய் என்று எண்ணத் தெரிந்தது. யாருக்காக என்று கேட்கத் தோன்றவில்லையா?

அதில் பதினொன்று நெட்டைக்காக. உன் கல்யாணத்துக்கு வண்டி ஓட்டிவந்து, மண்டபத்து வாசலில் தலையை இடித்துக்கொண்டாரே, அதே நெட்டைதான். பேர் எழுதமாட்டேன் என்று சொன்னேன், இப்போது எழுதிவிட்டேன். சர்க்கரை இறங்குவது அவருக்குத்தான். நேற்றிலிருந்து சாஃப்ட்வேர் அவருக்கு மலைப்பாதை வண்டியைப் போடுகிறது. பதினோரு மணி நேர டூட்டி. சுழற்சிமுறைப்படி அவர் முறையாம்.

அந்த ஓட்டையைத் திற. உன் காலில் வேண்டுமானாலும் விழுகிறேன்.

அண்ணன்


மே 13

அண்ணா,

ஒரு கடிதத்தை வைத்துக்கொண்டு ஸ்பிரின்ட் நடுவில் எதையும் மாற்ற என்னால் முடியாது. யார் சொன்னது, எதற்காக என்று கேட்பார்கள். 27-ஆம் தேதி தலைமை அலுவலகத்தில் செய்ததைக் காட்டும் கூட்டம் இருக்கிறது. உங்கள் மேனேஜர் வருகிறார். அவர் மூலமாகப் பொதுவாகச் சொல்லச் சொல்லுங்கள், டிரைவர்கள் களைப்பாக இருக்கிறார்கள், இலகுவான டூட்டி என்று ஒரு பிரிவு வேண்டும் என்று. பட்டியலில் முதலாவதாக நானே ஏற்றுகிறேன். அதுவரை அவரை லீவு போடச் சொல்லுங்கள்.

தங்கை


ஜூன் 5

நெட்டை போய்விட்டார்.

முந்தாநாள் பகல் பன்னிரண்டரை மணிக்கு, மலைப்பாதையில் இறங்கும்போது. பாலத்துச் சுவரில் வண்டி மோதியது. பயணிகள் பத்தொன்பது பேர் ஆஸ்பத்திரியில் இருக்கிறார்கள். ஒரு டீச்சருக்கு முழங்காலுக்குக் கீழே காலை எடுத்துவிட்டார்கள். நெட்டை ஸ்டியரிங்கிலேயே சாய்ந்துவிட்டார், பிரேக் பிடித்த தடமே சாலையில் இல்லை என்கிறார்கள்.

27-ஆம் தேதிக் கூட்டத்தில் மேனேஜர் ஒன்றும் சொல்லவில்லை. எல்லாம் திருப்தி என்று கையெழுத்துப் போட்டு வந்ததாக அவரே சொன்னார். நெட்டைக்கு மூன்று லீவும் மார்ச்சிலேயே தீர்ந்துவிட்டிருந்தது.

அன்று காலையில் என் ஜன்னலுக்கு வந்து, பழுது போட முடியாதா என்று கேட்டார். முடியாது என்றேன். "பரவாயில்ல, பாத்துக்கலாம்" என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏறிப் போனார். ஓகே பொத்தானை அழுத்தியது நான்தான். அழுத்தாமல் வண்டி கேட்டைத் தாண்டாது.


ஜூன் 11

அண்ணா,

செய்தியில் பார்த்தபோதே தெரிந்துவிட்டது. ஆபீஸ் கழிவறைக்குள் போய் அழுதுவிட்டு வந்து மீட்டிங்கில் உட்கார்ந்தேன். அவர் வீட்டுக்குத் துக்கம் கேட்கப் போனால் என்னை உள்ளே விடுவார்களா? அவர் மனைவியிடம் நான் என்னவென்று சொல்லிக்கொள்வது?

ஆனாலும் இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. உங்கள் கடிதத்தில் ஒவ்வொரு வரியிலும் நான் குற்றவாளியாக நிற்கிறேன். அந்த மனிதரை இவ்வளவு நாள் ஸ்டியரிங்கில் உட்காரவைத்தது என் சாஃப்ட்வேர் இல்லை, உங்கள் பலகை. மார்க்கெட் நெரிசலில் அவருக்கு மயக்கம் வந்திருந்தால்? வரவில்லை, அவ்வளவுதான். அதற்கு இரக்கம் என்று பேர் வைத்துக்கொண்டீர்கள். வேறு வேலை கேட்டு ஒரு மனு, யூனியனில் ஒரு வார்த்தை, எதையாவது செய்தீர்களா? வில்லையைத் திருப்பி மாட்டினால் போதும் என்று இருந்துவிட்டீர்கள்.

அன்றைக்குக் கூட்டத்தில் நான் சார் என்று கூப்பிட்டதற்காக வாயை மூடிக்கொண்டீர்கள். ரோஷம். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் தனியாக வந்து கேட்டிருப்பேன். உங்கள் ரோஷத்துக்கும் இதில் பங்கு இருக்கிறது.

எழுதிவிட்டேன், கிழிக்கமாட்டேன். கோபம் இருந்தால் என்மேல் இருக்கட்டும், போனை எடுங்கள்.

தங்கை


ஜூலை 2

தங்கச்சிக்கு,

உன் கடிதத்துக்குப் பதில் எழுத மூன்று வாரம் முயன்றேன். நீ சொன்னதில் பாதி உண்மை. எந்தப் பாதி என்று உனக்குத் தெரியும், அதனால் அதை விடு.

விசாரணைக் கமிட்டி வந்தது, மூன்று பேர். உங்கள் கூட்டக் குறிப்பை மேசைமேல் விரித்து வைத்திருந்தார்கள். "டூட்டி கிளார்க்: சொல்வதற்கு எதுவும் இல்லை" என்று இருக்கிறது, உன் கையெழுத்தோடு. இவருக்கு உடம்பு சரியில்லை என்பது உங்களுக்கு முன்பே தெரியுமா என்று கேட்டார்கள். தெரியாது என்றேன். டிப்போவில் வேறு யாருக்காவது இப்படி இருக்கிறதா என்றார்கள். தெரியாது என்றேன். அப்படியானால் பொய்ப் பழுது ஏன் போட்டீர்கள் என்றார்கள். நெட்டையும் இன்னும் சிலரும் என் சிநேகிதர்கள், சுலபமான ரூட் கேட்டார்கள், போட்டேன் என்றேன். நான் பேசியதை ஒருவர் எழுதிக்கொண்டே இருந்தார், நிமிர்ந்து பார்க்கவில்லை.

என்னை சஸ்பெண்ட் செய்திருக்கிறார்கள். முடிவு அடுத்த மாதம்.

மார்ச் 15 அன்று நான் எழுதிய கடிதம் உன்னிடம் இருக்கும். நீ காகிதத்தைத் தூக்கிப் போடுகிறவள் இல்லை. அதை உறையில் போட்டு ஒட்டி, எட்டு மணி வண்டி கண்டக்டரிடம் கொடுத்தனுப்பு. நகல் எடுக்காதே. சீக்கிரம் வேண்டும்.

அண்ணன்


ஜூலை 19

அண்ணா,

உங்கள் கடிதம் என்னிடம் இல்லை. கமிட்டியிடம் கொடுத்துவிட்டேன்.

நீங்கள் எதற்காகக் கேட்டீர்கள் என்று எனக்குப் புரிந்தது. "நான் முன்னாலேயே எச்சரித்தேன், கம்பெனிதான் கேட்கவில்லை" என்று நீங்கள் காட்ட அந்த ஒரு கடிதம்தான் சாட்சி. ஆனால் அதை நீட்டினால் தங்கையின் வேலை போகும் என்று வாய்விட்டுச் சொல்லாமல் சுற்றி வளைத்துக் கேட்டீர்கள். உங்களுக்கு அந்தச் சங்கடம் வேண்டாம் என்று நானே நேரில் போனேன். மூன்று பேர் முன்னாலும் நின்று, இவர் என் அண்ணன், இது அவர் எழுதியது, மார்ச்சிலேயே எனக்குத் தெரியும் என்றேன். வெளியே வந்தபோது ஒன்றரை மாதத்துக்குப் பிறகு முதல்முறையாகப் பசித்தது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். நேரமில்லை என்று அன்று எழுதியது பொய். என் திட்டத்தில் முதல் வழியாக எழுதியிருந்ததே டிப்போவில் மூன்று நாள் உட்கார்ந்து கவனிப்பதுதான். பழக்கத்தில் நடக்கும் வேலைக்கு அதுதான் சரியான வழி என்று எனக்குத் தெரியும், நானே அதைப் பலருக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். அந்த வரியை நானே அடித்தேன். மூன்று நாள் உங்கள் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தால் யாராவது கண்டுபிடித்துவிடுவார்கள். நம் இரண்டு பேருக்கும் ஒரே மூக்கு. கம்பெனி விதி ஒரு காரணம். காக்கிச் சட்டை போட்டு ஜன்னலுக்குள் உட்கார்ந்திருப்பவர் என் அண்ணன் என்று என்கூட வந்தவர்கள் தெரிந்துகொள்வது எனக்குப் பிடிக்கவில்லை, அது இன்னொரு காரணம். எது பெரிய காரணம் என்று என்னைக் கேட்காதீர்கள்.

கம்பெனி என்னைத் திட்டத்திலிருந்து எடுத்துவிட்டது. வேலை இருக்குமா என்று தெரியவில்லை. உங்கள் பேர் இனி சுத்தமாகிவிடும். அது போதும்.

தங்கை


ஆகஸ்ட் 30

தங்கச்சிக்கு,

முடிவு வந்துவிட்டது. என்னை வேலையை விட்டு நீக்கிவிட்டார்கள். பொய்ப் பழுது போட்டதற்கு இரண்டு சம்பள உயர்வை நிறுத்துவதாகத்தான் முதலில் இருந்ததாம். யூனியன் ஆள் சொன்னார். தெரிந்துகொண்டே கமிட்டி முன்னால் தெரியாது என்று சொன்னது, தகுதியில்லாதவரைத் தெரிந்தே வண்டியில் ஏற்றியது, இரண்டும் உன் கையால் போய்ச் சேர்ந்த கடிதத்தில் என் எழுத்திலேயே இருக்கிறது. போலீஸிலும் தனியாக வழக்குப் போட்டிருக்கிறார்கள். என் பேர் சுத்தமாகிவிட்டது, துடைத்தே எடுத்துவிட்டார்கள்.

அது போகட்டும். எனக்குச் சேர வேண்டியதுதான் என்று வைத்துக்கொள். நெட்டையைப் பற்றி நீ ஜூனில் எழுதியதை நான் மறக்கவில்லை.

மீதி ஆறு பேரைச் சொல்கிறேன். யார் பேரையும் நான் எழுதவில்லை. ஆனால் ஏழு பேர் என்று எழுதியிருந்தேன். கமிட்டிக்கு அந்த எண் போதுமாக இருந்தது. டிப்போவில் இருக்கும் டிரைவர்கள் அத்தனை பேரையும் வரிசையில் நிற்கவைத்து மருத்துவப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். ஏழு கிடைக்கும்வரை விடவேண்டாம் என்று உத்தரவு. நெட்டையைச் சேர்க்காமலே ஒன்பது பேர் கிடைத்தார்கள். அதில் மூன்று பேருக்கு என்னிடம்கூட வில்லையைத் திருப்பி மாட்டத் தோன்றவில்லை. பதினெட்டு வருஷம் அந்த ஜன்னலில் உட்கார்ந்து எல்லாம் எனக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த விஷயத்தில் நானும் உன் ஜாதிதான்.

ஒன்பது பேருக்கும் வேலை போய்விட்டது. மூத்தவருக்கு ஐம்பத்தாறு வயது. சின்னவருக்கு முப்பத்தொன்று, போன மாதம்தான் இரட்டைக் குழந்தை பிறந்தது. ரோட்டில் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். அண்ணி கடைக்குப் போனபோது ஒருவருடைய மனைவி வழிமறித்து, "உங்க வீட்டுக்காரர் கணக்கெடுத்துத் தங்கச்சிக்கு எழுதிக் கொடுத்தாராமே, எவ்வளவு கிடைச்சது?" என்று கேட்டிருக்கிறாள். அண்ணி வீட்டுக்கு வந்து சாமான் பையைக் கீழேகூட வைக்காமல் நின்றுகொண்டே அழுதாள். இனி நீ இந்த வீட்டுக்கு வரவேண்டாம் என்று எழுதச் சொன்னாள். எழுதிவிட்டேன்.

மனசிலிருந்த பாரத்தை இறக்கி வைத்துவிட்டுப் பசித்தது என்று எழுதியிருந்தாய். இறக்கி வைத்த இடம் ஒன்பது வீட்டு வாசல்.

கடிதத்தை நான் கேட்டது கமிட்டியிடம் காட்டுவதற்கு இல்லை. அடுப்பில் போடுவதற்கு. ஊரில் அந்த எண்ணிக்கை இருந்த ஒரே காகிதம் அது. அது இல்லையென்றால் சிநேகிதர்களுக்குச் சலுகை காட்டிய கிளார்க் என்று என்னோடு போயிருக்கும். கடிதத்தில் அதை எழுத பயமாக இருந்தது, உனக்குப் புரியும் என்றும் நினைத்தேன். உனக்கும் புரிந்ததாம், அப்படித்தான் எழுதியிருக்கிறாய்.

பதினேழு நாள் இருந்தது உனக்கு. எத்தனை வழியில் கேட்கலாம், எங்கே எது பொருந்தும் என்று ஊருக்கெல்லாம் சொல்லிக்கொடுக்கிறவள் நீ. எதுக்குண்ணா கேக்கறீங்க என்று என்னிடம் ஒரு வரி கேட்டிருக்கலாம். மறுநாளே பதில் வந்திருக்கும்.